பை போட்ட கை

சிறுபோக அறுவடை முடிந்து ஊரே வீடு திரும்பிவிட்ட வயலில் அந்த நாய்க்குட்டி மட்டும் நின்றது. கறுப்பும் இல்லை, மண்ணிறமும் இல்லை, புகை பிடித்த அடுப்புக்கல்லின் நிறம். தாயைப் பாம்பு தீண்டிவிட்டது என்று எங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரர் சொன்னார். ஆண் குட்டிகளை ஆட்கள் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். இது பெட்டை, அதனால் மிஞ்சியது. வரம்பில் ஏறி நின்று காற்றைப் பார்த்துக் குரைக்க முயன்றது. குரல் வரவில்லை, ஒரு விக்கல்தான் வந்தது.

"கொண்டு போங்க காக்கா," என்றார் முல்லைக்காரர், என்னைப் பெரிய நிலக்காரனாக்கிக் கேலி செய்யும் குரலில். "ரெண்டு ஏக்கர் போடியார்ர வளவுக்கு ஒரு காவல் வேணாமா?"

அவர் காரைதீவுக்காரர், இந்து; எங்களைப் போன்ற முஸ்லிம்களை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய வீட்டில் நாய் அடுப்படி வரைக்கும் போய் வரும். என்னுடைய வீட்டில் அப்படி இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்.

வெற்று உரப் பை ஒன்றில் அதை இறக்கி, தலை மட்டும் வெளியே தெரிய வாயைச் சுருக்கி, மோட்டார் சைக்கிளின் முன்னால் மடியோடு அணைத்துக்கொண்டு நற்பிட்டிமுனை வழியாக வந்தேன். வழி நீளப் பை சரசரத்தது. காற்று பட்டுச் சரசரத்தது, குட்டி நடுங்கியும் சரசரத்தது. ஊரை அண்டும்போது நடுக்கம் நின்றிருந்தது. குனிந்து பார்த்தேன். பைக்குள் முகத்தைச் செருகிக்கொண்டு தூங்கிப்போயிருந்தது. தாய் போன பிறகு அதற்குக் கிடைத்த முதல் சூடு அந்தப் பை. அன்றைக்கு இதை நான் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதையெல்லாம் பிந்தி யோசிப்பவன் நான்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பவை. நான் குடியிருப்பது என் மனைவியின் வளவு. நானும் ஒரு நாள் புதுச் சாரனோடு இந்தக் கேற்றுக்குள் வந்து, செருப்பை எங்கே கழற்றுவது, ஈரத் துவாயை எங்கே போடுவது, எந்தக் கதிரையில் இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பழகியவன்தான். அவள் கேற்றடியில் நின்று பையைப் பார்த்தாள், பைக்குள் இருந்ததைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"உங்களப் பழக்கினதே பெரும்பாடு," என்றாள். "இப்ப இன்னொண்டா?"

வயலுக்கும் மாட்டுக்கும் காவலாக நாய் வளர்க்க எங்களுக்கு அனுமதி உண்டு. அது அவளுக்கும் தெரியும், நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் நாய் இருக்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள். அதன் ஈரம் மேலில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். அவள் கோபப்படவில்லை. நிதானமாக, மீன்காரனிடம் விலை பேசுவது போல ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள். குட்டி வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. விறாந்தையையும் முற்றத்தையும் அசிங்கப்படுத்தக்கூடாது. வளவின் மூலையில் ஓர் இடம், அங்கேதான் எல்லாம். மழைக்காலப் பெரும்போக விதைப்பு வரைக்கும் தவணை. அதற்குள் பழகினால் வளவுக்குக் காவலாக இருக்கட்டும், பழகாவிட்டால் வயல் வாடிக்குப் போகவேண்டியதுதான்.

வாடி என்பது நான்கு கம்பும் ஒரு கிடுகுக் கூரையும். விதைப்புத் தொடங்கும் வரைக்கும் அங்கே இரவில் ஆள் தங்குவதில்லை. தாயைத் தீண்டிய பாம்பு அந்த வரம்பில்தான் எங்கோ இருந்தது.

ஆகவே பழக்கத் தொடங்கினேன்.

அடிப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அது செய்த இடத்துக்கே அதை இழுத்துக்கொண்டு போய் மூக்கைத் தேய்க்கச் சொன்னார்கள் சிலர். அதையும் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். முருங்கை மரத்தடி மணல்தான் அதற்கென்று குறித்த இடம். முதல் நாள் அது விறாந்தைப் படியை நனைத்தபோது, துடைத்த சாக்குத் துண்டை முருங்கையடியில் கொண்டுபோய்ப் புதைத்தேன், மணம் அதற்கு வழி சொல்லட்டும் என்று. தூங்கி எழும்பினால் முருங்கையடி. சோறு தின்றால் முருங்கையடி. விளையாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று விளையாட்டை மறந்து, மூக்கை மணலில் வைத்து வட்டமிடத் தொடங்கினால், அந்த வட்டம் முடிவதற்குள் முருங்கையடி. அங்கே நிற்பேன். அது இலையைக் கடிக்கும், எறும்பைப் பார்க்கும், வந்த காரியத்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும். நான் காத்திருப்பேன். மனிதருக்காக இவ்வளவு பொறுமையாக எப்போதாவது காத்திருந்தேனா என்று கேட்டால், என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றதைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை.

காரியம் முடிந்ததும் உடனே தடவ வேண்டும். "அச்சாப் புள்ள" என்று சொல்ல வேண்டும். பிந்தினால் எதற்காகத் தடவுகிறோம் என்பது அதற்கு விளங்காது.

தடவுவதில்தான் சிக்கல்.

முதல் நாள் பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னால் தடவினேன். அது திரும்பி என் மணிக்கட்டை நக்கிவிட்டது. கிணற்றடிக்குப் போனேன். மனைவி வாளியோடு வந்து தண்ணீர் ஊற்றினாள். மண்ணைக் குழைத்து ஒரு தரம், பிறகு வெறுந்தண்ணீர், பிறகும் தண்ணீர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது ஒரு நாளைக்கு எத்தனை தரம் நக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா, உங்கள் தோல் கழன்றுவிடும் என்றாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அந்தித் தொழுகையான மஃரிபுக்கு முன்னால் இன்னொரு தரம் கழுவினேன். அப்போது சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் குட்டி படுத்திருந்த பெட்டியை நோக்கி நடக்கும்போதே கிணற்றடியின் நினைப்பு வந்துவிட்டது. அந்த வாளி, அந்தச் சேறு, நனைந்த சாரன்.

குசினிக் கதவின் வெளிப்பக்கம் ஓர் ஆணி இருந்தது. கடைக்குப் போய் வருகிற சொப்பிங் பைகளெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடைந்து அதில் பலாப்பழம் போலத் தொங்கும். அதிலிருந்து ஒன்றை இழுத்தேன். கைக்குள் மாட்டி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டேன்.

பை போட்ட கையால் தடவினேன். சரசரவென்று சத்தம் வந்தது. குட்டி காதை மடித்து, கண்ணை மூடி, அப்படியே உருகி நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன புத்திசாலித்தனம். நாயும் மகிழ்ந்தது, ஏழு தரம் கழுவவும் வேண்டியிருக்கவில்லை, சாரனும் நனையவில்லை. வெளியூரில் இருக்கும் மகள் வீடியோ அழைப்பில் இதைப் பார்த்துவிட்டு, வாப்பா ஒப்பரேசன் செய்யப் போறவர் மாதிரி நிக்கீங்க என்றாள். குட்டிக்கு ஒரு பெயரும் சொன்னாள். அந்தப் பெயர் என் வாயில் நிற்கவில்லை. எனக்கு அது குட்டிதான்.

அது சீக்கிரமாகவே பழகியது. சில நாள் படியை நனைத்தது, சில நாள் பாதி வழியில் தோற்றது. ஒருநாள் காலை நான் அழைக்காமலே எழும்பி, தள்ளாடித் தள்ளாடி முற்றத்தைக் கடந்து முருங்கையடிக்குப் போய், இருந்து, முடித்து, திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவியும் பார்த்தாள். அன்று மத்தியானம் சூடை மீன் தலைகள் சிரட்டையில் தனியாக வைக்கப்பட்டிருந்தன.

முன்வாசல் படியின் மேல் ஏறாமல் இருக்கவும் கற்றுக்கொண்டது. கதவு திறந்தே கிடக்கும். உள்ளே மீன் பொரிகிற மணம் வரும். அது படிக்குக் கீழே, வெயிலும் நிழலும் பிரிகிற கோட்டில், கால்களை ஒடுக்கி உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். அடிக்காமல் பழக்கியதாக நான் எல்லோருக்கும் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் தேடிப்போய்ச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை, ஏனென்றால் அதை நான் பார்க்க விரும்பவில்லை. முருங்கையடியில் காரியம் முடிந்ததும் அது என்னைப் பார்ப்பதில்லை. ஆணியைப் பார்க்கும். நான் முற்றத்தில் நின்றாலும், பெயர் சொல்லி அழைப்பது போல நாக்கைச் சொடுக்கினாலும், என்னைத் தாண்டி ஓடிப்போய்க் குசினிக் கதவின் ஆணிக்குக் கீழே உட்கார்ந்து, அந்தப் பொதியை அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டும். காற்றடித்தால் ஆணியில் பைகள் சரசரக்கும். தூங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் வால் மணலில் அடித்துக்கொள்ளும். அதை நான் ஒரு வேடிக்கையாக வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வளவில், நாங்கள் ராத்தா என்று அழைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். எங்களுக்கு மூத்தவர், வாய்க்காரர், எங்கள் வேலிக்கு மேலால் எதையும் பார்க்காமல் விடாதவர். ஒரு நாள் வேலியடியில் நின்று என் மனைவியைக் கூப்பிட்டு, "என்னகா, உன்ட மாப்புளைக்குக் கையில சொறியா? பேக்கக் கட்டிக்கிட்டு நாயோட கதைச்சிட்டு நிக்காரு," என்று கேட்டார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் முருங்கையடியில் நின்று கையை உயர்த்திக் காட்டினேன். எங்கள் மூவரில் ஒருவருக்காவது அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தோன்றியிருக்கலாம். தோன்றியிருந்தால் அது எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

பிறகொரு நாள் ஒரு கலியாண வீடு. ராத்தாவின் சொந்தத்தில். நான் அஸர் தொழுதுவிட்டு வந்து கேற்றைச் சாத்தினேனா, இல்லையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. சாத்தவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ராத்தா புது அபாயா உடுத்து, கையில் ஒரு பெரிய சொப்பிங் பையோடு எங்கள் வீட்டைக் கடந்து போனார். பைக்குள் வட்டிலப்பச் சட்டி. நடைக்கு நடை பை சரசரத்தது.

குட்டி முற்றத்திலிருந்து பறந்தது. நான் எழும்புவதற்குள் கேற்றைத் தாண்டிவிட்டது. ராத்தாவின் காலடியில் உருண்டு, எழும்பி, ஈர மூக்கை அபாயாவில் தேய்த்து, கையை நக்கி, பையை நோக்கித் துள்ளியது. ராத்தா அலறினார். பை கையை விட்டுப் போனது. சட்டி கவிழ்ந்து வட்டிலப்பம் மணலில் நழுவி நின்றது, அந்திச் சூரியன் நிறத்தில்.

அப்போதுதான் பார்த்தேன். கொட்டிய வட்டிலப்பத்தை அது முகர்ந்தும் பார்க்கவில்லை. கருப்பட்டியும் முட்டையும் ஏலமும் மணக்கிற அந்தப் பண்டம் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அது வெறும் பையைத் தேடிப்போய், அதன் அடியில் தலையை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. தடவுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றது.

எல்லாம் விளங்கிவிட்டது. அந்த ஒரு கணத்தில், ஒன்றும் மிச்சமில்லாமல். நான் வாயைத் திறந்து சொன்னது இது:

"நாய்தானே ராத்தா. வட்டிலப்ப மணத்துக்கு வந்திரிக்கு."

அதைத் திருட்டு நாய் ஆக்கினேன். முகர்ந்தும் பார்க்காத பண்டத்துக்கு ஆசைப்பட்டதாக, அதன் மேல், அதன் முன்னாலேயே பழியைப் போட்டேன். ராத்தா அதை நம்பினார். ஏன் நம்பமாட்டார்? நாய் என்றால் அப்படித்தானே. அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். அந்தக் கலியாணத்துக்கு அவர் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். குட்டியை நான் கழுத்தில் பிடித்து உள்ளே கொண்டுவந்தேன். அப்போதும் கையில் ஒரு பை மாட்டியிருந்தேன். ரோட்டில் கிடந்த அந்தப் பையையே.

ராத்தா வேலியடியில் வந்து சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுப் போன பிறகு, மனைவி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் பாவமாத்தான் இரிக்கு. ஆனா ராத்தாட முகத்தில முழிக்க ஏலா. நாளைக்கு வாடிக்குக் கொண்டு போங்க."

ஓம் என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஓம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

காலையில் வெயில் ஏறிய பிறகு அந்தப் பழைய உரப் பையைத் தேடி எடுத்தேன். வயலிலிருந்து அதைக் கொண்டுவந்த அதே பை. மோட்டார் சைக்கிளை முற்றத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, பையை விரித்து உதறினேன். அது எங்கேயாவது ஒளிந்துகொள்ளும், துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், கத்தும், கடிக்கும், அப்படி ஏதாவது செய்தால் கொண்டுபோவது எளிது என்று நினைத்திருந்தேன்.

பை உதறிய சத்தத்துக்கு அது முருங்கையடியிலிருந்து ஓடி வந்தது. என்னைப் பார்க்கவில்லை. பையின் விரிந்த வாயைப் பார்த்தது. தானாகவே உள்ளே போனது. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, படுத்து, பெருமூச்சு விட்டது. பை முழுதும் சரசரத்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்தே தெரிந்தது, பைக்குள் வால் ஆடுவது.

என்னால் அந்த வாயைச் சுருக்க முடியவில்லை.

பையை மெதுவாகக் கீழே சாய்த்து மணலில் உட்கார்ந்தேன். வெறுங்கையை நீட்டினேன். ஐந்து விரலும் நகமும் மயிரும் உள்ள, அது வந்த நாள்முதல் அதைத் தடவிய கை. குட்டி பையின் வாயிலிருந்து தலையை நீட்டிக் கையைப் பார்த்தது. பின்வாங்கியது. மோப்பம் பிடிக்கவும் இல்லை. என் கையைத் தாண்டி, என் தோளைத் தாண்டி, குசினிக் கதவின் ஆணியைப் பார்த்தது. நான் இன்னும் வரவில்லை என்று அது நினைத்தது. அதன் ஆள் அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன, போகல்லியா?" என்று மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். நான் மணலில் இருந்ததைப் பார்த்து அவள் முகம் மாறியது. சொன்னேன். பையைச் சொன்னேன், ஆணியைச் சொன்னேன், வட்டிலப்பத்தை அது தொடவில்லை என்பதையும், தொட்டதாக நான் சொன்னதையும் சொன்னேன். உனக்காகத்தான், உன் வீடு அசுத்தப்பட்டு நஜீஸ் ஆகாமல் இருக்கத்தான் பையைப் போட்டேன் என்றும் கடைசியில் சேர்த்தேன். அது வாயில் வரும்போதே பொய் என்று தெரிந்தது.

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். சத்தம் போடவில்லை.

"வீட்டுக்குள்ள விடாதிங்க எண்டு சொன்னன். ஓம். தொடாதிங்க எண்டு எப்ப சொன்ன நான்?"

நான் மணலைக் கிளறினேன்.

"கழுவுறத்துக்கு மண்ணும் தண்ணியும் இல்லாத ஊரா இது?"

கடலோரம் முழுக்க மணல். தோண்டிய இடமெல்லாம் தண்ணீர். அந்த இரண்டின் மேலேயே குடியிருந்துகொண்டு நான் கையில் பையைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மார்க்கம் எனக்குச் சொன்னது கழுவு என்று. கழுவுவதற்கு எனக்குப் பஞ்சி, சோம்பல். அந்தப் பஞ்சிக்கு மார்க்கத்தின் பெயரை வைத்து, மனைவியின் பெயரையும் வைத்து, கடைசியில் பக்குவமாகப் பழக்கினேன் என்று ஊருக்கும் சொல்லித் திரிந்தேன். அடித்திருந்தால் கூட அது என் கையை அறிந்திருக்கும்.

ராத்தாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றாள் மனைவி. நான் சொல்லாவிட்டால் எனக்காக அவள் ராத்தாவிடம் பேசமாட்டாளாம். போனேன். ராத்தா முற்றத்தில் அபாயாவை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"ராத்தா, அது வட்டிலப்பத்துக்கு வரல்ல. பேக்குக்குத்தான் வந்த."

"பேக்கத் தின்னுற நாயா?"

முழுவதையும் சொன்னேன். அவர் அபாயாவின் மடிப்பை நீவிக்கொண்டே கேட்டார். இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; கேட்காமல் இருப்பது அவருடைய பழக்கமே இல்லை. முடிந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதப் பாரு தம்பி. இந்த அபாயாவ ஏழு தரம் நான் கழுவியிரிக்கன். குனிஞ்சு குனிஞ்சு நாரி நொந்துபோச்சு. நீ உன்ட ஒரு கையக் கழுவப் பஞ்சிப்பட்டிரிக்காய்."

"ஓம் ராத்தா."

"பழக்கம் தெரியாத நீதான் அந்த வாடிக்குப் போகணும்."

"ஓம்."

அவர் அபாயாவின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டார். கேற்றைப் பூட்டி வைக்கச் சொன்னார். வட்டிலப்பம் ஒன்று வர வேண்டும் என்றார், அதுவும் என் கையால் அல்ல, என் மனைவியின் கையால். அந்தக் கலியாண வீட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

குட்டி வாடிக்குப் போகவில்லை, வளவிலேயே தங்கியது. ஆனால் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முருங்கையடியை அல்ல, அது அதற்கு நன்றாகத் தெரியும். என்னைப் பழக்க வேண்டியிருந்தது. மனைவி ஆணியில் இருந்த பைகளையெல்லாம் உருவி உள்ளே எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டாள். குட்டி வெறும் ஆணியின் கீழே பல நாள் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பது கடினமாக இருந்தது. முருங்கையடியில் அது முடித்ததும் வெறுங்கையை நீட்டுவேன். விலகிப் போகும். விரலில் சோறு பூசி நீட்டினேன். சோற்றை மட்டும் நுனிப் பல்லால் எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டது. பிறகு ஒருநாள் சோறு தீர்ந்த பிறகும் நாக்கு விரலில் தங்கியது. என்ன உப்பு இது என்று யோசிப்பது போல நின்றது. நான் மூச்சையும் விடவில்லை. காதின் பின்னால் ஒரு விரலை வைத்தேன். சத்தம் எதுவும் இல்லாத தொடுகை. அது சத்தம் வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு தரமும் கிணற்றடிக்குப் போனேன். மண்ணைக் குழைத்தேன், கழுவினேன். மனைவி ஒரு பழைய சட்டியில் மணலை அரித்து எனக்காக வைத்திருந்தாள். சில வேளை அவளே வந்து தண்ணீர் ஊற்றுவாள். குட்டி பின்னாலேயே வந்து, தண்ணீர் தெறிக்காத தூரத்தில் இருந்து, நான் கழுவுவதைப் பார்க்கும். அது என்னதான் நினைத்துக்கொண்டிருந்தது? தொட்டவுடனே இந்த மனிதன் ஓடிப்போய்த் தன்னைக் கழுவிக்கொள்கிறான் என்றா? அதற்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கழுவுவது உன்னை அல்ல, என்னை, தொழுகைக்காக என்று சொன்னேன். காதை ஆட்டியது. போகப் போக அது வேறு மாதிரி விளங்கிக்கொண்டதைக் கவனித்தேன். முருங்கையடியில் முடித்ததும் என்னிடம் வராமல் நேரே கிணற்றடிக்கு ஓடி, வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கிருந்து என்னைப் பார்த்தது. கையும் தண்ணீரும் சேர்ந்தே வரும் என்று கற்றிருந்தது. பையின் சத்தம் போய் வாளியின் சத்தம் வந்திருந்தது. குசினியில் மனைவி சட்டி கழுவினாலும் காதை நிமிர்த்தியது.

"மழ பெஞ்சா என்ன செய்யப் போறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

விதைப்புக்கு முன்னால் ஒரு பின்னேரம் மழை வந்தது. முதலில் கடல் பக்கம் இருண்டது, பிறகு தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன, பிறகு தகரக் கூரையில் ஒரு குத்தாகக் கொட்டியது. குட்டி விறாந்தைப் படியின் கீழே ஒதுங்கியிருந்தது. கூரையில் விழுகிற சத்தத்தைக் கேட்டது. உடம்பைச் சிலுப்பி எழும்பி, நேரே மழைக்குள் ஓடியது. முருங்கையடிக்குப் போய், கொட்டுகிற மழையில் இருந்து, முடித்தது. முடித்துவிட்டுக் கிணற்றடியைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது, எல்லாப் பக்கமும் தண்ணீர்ச் சத்தம். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்று நனைந்தது. உரோமம் படிந்து, வயலில் நின்ற அந்தச் சிறிய உருவமாக மறுபடியும் ஆகிவிட்டது.

நான் விறாந்தையில் நின்றேன். மஃரிபுக்கு அதிக நேரம் இல்லை. நாயும் ஈரம், நான் இறங்கினால் நானும் ஈரம், தலை தொடக்கம் கால் வரைக்கும் கழுவ வேண்டியிருக்கும், சாரனையும் சேர்த்து. கதவுக்குப் பின்னால் எங்கோ பைகள் இருந்தன. அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

இறங்கினேன். மழை முதுகில் அடித்தது. முருங்கையடியில் குந்தி இருந்து, இரண்டு கையையும் நீட்டினேன். மழைச் சத்தத்தில் என் வாயில் வந்த "அச்சாப் புள்ள" எனக்கே கேட்கவில்லை. அது வந்தது. உடனே வரவில்லை. கையைப் பார்த்தது, கைக்குப் பின்னால் பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டது, பிறகுதான் வந்தது. நனைந்த தலையை என் நனைந்த உள்ளங்கையில் வைத்தது. எலும்புக்குள் சூடு இருந்தது. கண்ணை மூடவில்லை. திறந்தே வைத்திருந்தது, கையைக் கண்காணிப்பது போல.

விறாந்தையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். மணல் சட்டியைப் படியில் வைத்திருந்தாள், மழை விழாத இடத்தில், மூடியும் போட்டு.

"இருந்து வாங்க," என்றாள். "மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இரிக்கு."

இருந்தேன்.